போர்முனையில் கியூரி அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கியூரி அம்மையார் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ரேடியம். பள்ளிப் பாடநூலில் நாம் படித்ததும் அதுவே. ஒழுகும் கொட்டகை, கனிமத்தைக் கொதிக்கவைத்துக் கிளறிய அண்டா, இருளில் மினுங்கிய கண்ணாடிக் குப்பி, இரு நோபல் பரிசுகள். தேர்வில் ஐந்து மதிப்பெண் பெற இவை போதும். ஆனால் பாடநூல் ஒரே வரியில் தாண்டிப் போகும் நான்கு ஆண்டுகள் அவ்வம்மையாரின் வாழ்வில் உண்டு. 1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர் நடந்த காலத்தில் அவர் தம் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்தார். எக்ஸ் கதிர்க் கருவிகளை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போர்முனை மருத்துவமனைகளைத் தேடிச் சென்றார். அத்தொழிலை ஏறக்குறைய நூற்றைம்பது பெண்களுக்குக் கற்றும் கொடுத்தார். அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது என் தந்தையார் தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டார். அருகிலுள்ள நகரத்து மருத்துவமனையில் அவருடைய தொடையைப் படம் பிடித்தவர் பயிற்சியில் இருந்த ஓர் இளம்பெண். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். முதல் படம் கலங்கிப் போயிற்று. அப்பா வலி தாங்காமல் அசைந்துவிட்டார். அப்பெண் கோபிக்கவில்லை. அருகில் வந்து, காலுக்கு இருபுறமும் மணல் மூட்டையை அணைத்து வைத்து, மூச்சை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, மீண்டும் எடுத்தார். இரண்டாவது படத்தில் முறிவு தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படமே தமக்குச் செய்யப்பட்ட வைத்தியம் என்று அப்பா நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். இன்றும் அது எங்கள் வீட்டில் நாட்காட்டிக்குப் பின்னால் தொங்குகிறது. அப்பெண்ணுக்கு இதையெல்லாம் முதன்முதலில் யார் கற்றுக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தபோதுதான் கியூரி அம்மையாரின் இந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது.

மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்து நாட்டு வார்சா நகரில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை இயற்பியலும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். தாய் பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தியவர். மரியாவுக்குப் பத்து வயதானபோது தாய் காசநோயால் இறந்தார். வார்சா அப்போது ரஷ்யப் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் தாய்மொழியில் பாடம் நடத்தத் தடை. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைப்பு. எனவே மரியாவும் அக்காள் பிரோனியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பிரோனியா பாரிஸ் சென்று மருத்துவம் படிப்பது. மரியா வேலை பார்த்து அவருக்குப் பணம் அனுப்புவது. பிரோனியா மருத்துவரானதும் தங்கையை அழைத்துக்கொள்வது. அவ்வாறே மரியா தமது பதினெட்டாவது வயதில், ஊரை விட்டு வெகுதொலைவில் ஒரு பண்ணை வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையாக அமர்ந்தார். அங்கே அவர் செய்த இன்னொரு காரியத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பண்ணையாட்களின் பிள்ளைகளை மாலையில் கூட்டி வைத்துப் போலிஷ் எழுத்துக்களைக் கற்றுக் கொடுத்தார். அது ஆட்சியாளருக்குத் தெரிந்திருந்தால் கடுந்தண்டனை கிடைத்திருக்கும். பின்னாளில் போர்க்காலத்தில் திறந்த பள்ளிக்கு வித்து இங்கேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இந்த ஒப்பந்தத்தைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் அக்காள் பத்தாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் விடுதிக் கட்டணம் அவள் வாரக் கூலியிலிருந்து வருகிறது. எங்களிடையே ஒப்பந்தம் எதுவும் பேசப்படவில்லை. அதனால் எனக்கு அதன் கனம் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. நிற்க.

பிரோனியா சொல் தவறவில்லை. 1891இல் மரியா பாரிஸ் வந்து சோர்போனில் சேர்ந்தார். 1893இல் இயற்பியல் பட்டத்தில் முதலிடம். 1894இல் கணிதத்தில் இரண்டாமிடம். 1895இல் பியேர் கியூரியை மணந்து மேரி கியூரி ஆனார். அதே ஆண்டு நவம்பரில்தான் ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1898இல் பொலோனியம், ரேடியம். 1903இல் கணவரோடும் பெக்கரலோடும் இயற்பியல் நோபல் பரிசு. 1906இல் குதிரை வண்டிச் சக்கரத்தில் சிக்கிப் பியேர் இறந்த துயரம். அவர் நடத்திய வகுப்பையே தொடர்ந்து நடத்திச் சோர்போனின் முதல் பெண் பேராசிரியர் ஆனது. 1911இல் வேதியியல் நோபல் பரிசு. அதே 1911இல், பெண் என்பதால் பிரெஞ்சு அறிவியல் கழகம் மிகச் சில வாக்கு வேறுபாட்டில் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் நம் நூலகத்தில் உள்ள எந்த வரலாற்று நூலிலும் விரிவாகக் கிடைக்கும்; ஆதலால் விரைந்து செல்கிறேன்.

1914 ஆகஸ்டு மாதம் ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் தொடுத்தது. அம்மையாருக்காகக் கட்டப்பட்ட ரேடியம் நிலையம் அப்போதுதான் முடிவடைந்திருந்தது. ஆராய்ச்சியாளர் அனைவரும் படைக்குப் போய்விட, கட்டடம் வெறிச்சோடிற்று. பகைவர் பாரிஸை நெருங்கியபோது, நிலையத்தில் இருந்த ஒரு கிராம் ரேடியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் மேல் விழுந்தது. ஈயம் பொதிந்த, ஏறக்குறைய இருபது கிலோ எடையுள்ள பெட்டியில் அதை வைத்து, கூட்டம் நெரியும் ரயிலில் போர்தோ நகருக்குத் தாமே கொண்டு சென்று வங்கிப் பெட்டகத்தில் சேர்த்தார். பாரிஸை விட்டு மக்கள் ஓடிக்கொண்டிருந்த அந்நாளில், மறுநாளே படை வீரர் செல்லும் ரயிலில் ஏறிப் பாரிஸுக்குத் திரும்பி வந்தார்.

திரும்பி வந்தவர் கண்ட குறை இது: எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் ஆகியும், காயம்பட்ட வீரர் கிடக்கும் இடத்தில் அக்கருவி இல்லை. பெரிய நகர மருத்துவமனைகளில்தான் இருந்தது. குண்டுச் சிதறல் உடலுக்குள் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அறுவை மருத்துவர் சதைக்குள் துழாவ வேண்டியிருந்தது. காயம் சீழ் பிடிக்கும், கை கால் போகும், உயிரும் போகும். வீரரைக் கருவியிடம் கொண்டுவர முடியாதெனின், கருவியை வீரரிடம் கொண்டுபோவோம் என்று அம்மையார் முடிவு செய்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் கதிர்ப்படப் பிரிவுக்குத் தலைவராக நியமனம் பெற்றார். பிரெஞ்சுப் பெண்கள் சங்கம் ஒன்று தந்த பணத்தில் முதல் வண்டி உருவாயிற்று.

அவ்வண்டியின் அமைப்பை இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்று விளக்க விரும்புகிறேன். போர்முனை ஊர்களில் மின்சாரம் கிடையாது. எனவே மோட்டார் வண்டியின் எஞ்சினாலேயே ஒரு டைனமோவைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கினர். வண்டியை மருத்துவமனை முற்றத்தில் நிறுத்தி, நீண்ட கம்பியை உள்ளே இழுத்து, எக்ஸ் கதிர்க் குழாயோடு இணைப்பர். ஜன்னல்களைக் கறுப்புத் திரையால் மூடுவர். மேசை, குழாயைத் தாங்கும் சட்டம், ஒளிரும் திரை, கண்ணாடித் தகடுகள், அவற்றைக் கழுவும் மருந்துகள் எல்லாம் வண்டியிலேயே வந்துவிடும். வந்திறங்கி அரை மணி நேரத்துக்குள் முதல் வீரரை மேசையில் கிடத்திவிடலாம். 1914 நவம்பர் முதல் தேதி அம்மையாரும், பதினேழு வயது மூத்த மகள் ஐரீனும் இத்தகைய வண்டியில் கிரெய் என்னும் ஊரின் மருத்துவமனைக்குப் புறப்பட்டனர். பின்னர் இவ்வண்டிகள் இருபதாகப் பெருகின. படைவீரர் அவற்றைச் செல்லமாகக் குட்டிக் கியூரிகள் என்று அழைத்தனர். இவையன்றி இருநூறு மருத்துவமனைகளில் நிலையான எக்ஸ் கதிர் அறைகளும் அவர் முயற்சியால் எழுந்தன. போர் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காயம்பட்டோர் இவற்றால் சோதிக்கப்பட்டனர்.

இரு நோபல் பரிசு பெற்ற பேராசிரியை இந்த வேலைக்காக மீண்டும் மாணவியானார் என்பதுதான் எனக்கு வியப்பு. அவர் ஆராய்ந்தது கதிரியக்கத்தை. எக்ஸ் கதிர் மருத்துவம் அவருக்குப் புதிது. அத்துறையில் பிரான்சின் முன்னோடியான பெக்ளேர் என்னும் மருத்துவரிடம் அடிப்படைகளைக் கேட்டறிந்தார். உடற்கூற்றியல் நூல்களைப் படித்தார். மோட்டார் ஓட்டக் கற்று 1916இல் உரிமம் வாங்கினார். சக்கரம் மாற்றவும், அடைத்துக்கொண்ட கார்புரேட்டரைத் துடைக்கவும் கற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

குண்டுச் சிதறலின் ஆழத்தை அறியும் முறை, நாம் பள்ளியில் படித்த ஒத்த முக்கோணங்கள்தான். ஒரே ஒரு நிழற்படத்தில் சிதறல் தெரியும். ஆனால் அது தோலுக்கு அருகில் இருக்கிறதா, எலும்புக்குப் பின்னால் இருக்கிறதா என்று தெரியாது. எனவே முதல் படம் எடுத்தபின், வீரரை அசைக்காமல் குழாயை மட்டும் ஓர் அளவு நகர்த்தி இரண்டாம் முறை எடுப்பர். தகட்டில் நிழல் எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்: குழாய் தகட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். குழாயை 10 சென்டிமீட்டர் நகர்த்தும்போது நிழல் 2 சென்டிமீட்டர் நகர்ந்தால், சிதறல் தகட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பொருள். நோட்டில் வரைந்து பாருங்கள். இரண்டுக்குப் பத்து என்ன விகிதமோ, பத்துக்கு ஐம்பது அதே விகிதம். தகட்டுக்கும் தோலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கழித்துவிட்டால், மருத்துவர் எவ்வளவு ஆழம் கத்தியைச் செலுத்த வேண்டும் என்பது கிடைத்துவிடும். இன்று நாம் சி.டி. ஸ்கேன் என்று சொல்லும் கருவியில் குழாய் உடலைச் சுற்றி வருகிறது. பல கோணங்களில் அளந்ததைக் கணிப்பொறி கூட்டிக் கணக்கிடுகிறது. 1971இல் இங்கிலாந்தில் ஹௌன்ஸ்ஃபீல்டு அதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். ஒரு பக்கமிருந்து மட்டும் பார்த்தால் ஆழம் தெரியாது என்ற செய்தி இரண்டுக்கும் பொதுவானது.

ஐரீனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தாயோடு ஓராண்டு உழைத்தபின், 1915இல் பெல்ஜியத்தின் எல்லையோரத்தில் ஹோக்ஸ்டாட் என்ற ஊரின் படை மருத்துவமனையில் எக்ஸ் கதிர் அறையைத் தனியாகப் பொறுப்பேற்று நடத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில்தான் அவருக்குப் பதினெட்டு நிறைந்தது. நம் வகுப்பில் முதலாண்டு சேரும் வயது! அங்கிருந்த இராணுவ மருத்துவருக்கு வடிவியல் கணக்கென்றாலே வெறுப்பு. ஐரீன் குறித்துக் கொடுத்த திசையை விட்டுவிட்டு, காயத்தின் வாய் வழியே துழாவத்தான் அவருக்கு விருப்பம். சின்னப் பெண் சொல்வதை அவர் உடனே கேட்டுவிடவில்லை. ஆனால் குறித்த திசையில் அறுத்தபோது சிதறல் கைக்கு வந்தது. இதற்கிடையே ஐரீன் சோர்போனில் கணிதம், இயற்பியல், வேதியியல் தேர்வுகளையும் எழுதித் தேறினார். வருகைப் பதிவு குறைந்தது என்று அலுவலகத்தில் மன்றாடும் நாம் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அம்மையாரின் பயணங்கள் இடர் மிகுந்தவை. 1915 ஏப்ரலில் ஒரு மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. கருவிப் பெட்டிகள் சரிந்து அவர்மேல் விழுந்தன. அந்நேரத்தில் அவருக்கு வந்த கவலை, படத் தகடுகள் உடைந்திருக்குமே என்பதுதானாம். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இரத்தக் கறை படிந்த துணியைப் பார்த்துத்தான் தெரிய வந்தது.

வண்டிகள் பெருகின, அறைகள் பெருகின. ஆனால் அவற்றை இயக்க ஆட்கள் எங்கே? ஆண்கள் போர்முனையில் இருந்தனர். மருத்துவர்களிலும் எக்ஸ் கதிர் அறிந்தவர் சிலரே. கருவி பழுதானால் பூட்டி வைத்துவிட்டுப் போன இடங்களும் உண்டு. ஆகவே 1916இல் பெண்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை அம்மையார் தொடங்கினார். இருபது பேர் வரை ஒரு குழு. ஏறக்குறைய ஆறு வாரம் பயிற்சி. மின்சாரம் பற்றிய அடிப்படை, எக்ஸ் கதிர்க் குழாயின் இயக்கம், சிறிது கணிதம், தேவையான அளவு உடற்கூறு. இவற்றைவிட அதிகமாகச் செய்முறை. ஐரீனும் ஓர் ஆசிரியை. போர் முடியும் வரை ஏறக்குறைய நூற்றைம்பது பெண்கள் இங்கே பயின்று மருத்துவமனைகளுக்குச் சென்றனர்.

யார் இந்த மாணவியர்? இங்கேதான் என் மனம் நின்றுவிடுகிறது. பெரும்பாலோர் தொடக்கக் கல்விக்கு மேல் படித்தவர் அல்லர். செல்வர் வீட்டுச் சீமாட்டியும் இருந்தார். வீட்டு வேலை செய்துவந்த பணிப்பெண்ணும் இருந்தார். ஒரே பெஞ்சில் அமர்ந்தனர். மின்னழுத்தம் என்ற சொல்லையே கேட்டறியாதவர்க்கு மின்மாற்றியை விளங்கவைக்க வேண்டும். கற்பிப்பவரோ உலகப் புகழ் பெற்ற பேராசிரியை. எப்படிக் கற்பித்திருப்பார்? கருவியைத் தொடவிட்டார், இணைப்பைப் பிரித்து மீண்டும் பூட்டச் செய்தார், தகட்டைக் கழுவச் செய்தார். பணிப்பெண்ணாக இருந்த ஒரு மாணவி முதன்முறை பிசகில்லாமல் ஒரு தகட்டைக் கழுவி எடுத்தபோது, தாமே ஏதோ வெற்றி பெற்றதுபோல அம்மையார் மகிழ்ந்தார் என்று அவருடைய இளைய மகள் ஈவ் எழுதிய வரலாற்றிலிருந்து அறிகிறோம். ஒழுங்கான முறையில் உழைத்தால் இவர்கள் தேறிவிடுவர் என்பது அம்மையாரின் முடிவு; அதுவே நடந்தது. விதிப்படி இவர்கள் மருத்துவருக்கு உதவியாளர் மட்டுமே. நடைமுறையில் பலர் தனித்தே ஓர் எக்ஸ் கதிர் அறையை நடத்தும் அளவுக்குத் தேர்ந்தனர்.

ஆறு வாரத்தில் ஒரு தொழிலைக் கற்றுக் கொடுத்துவிட முடியுமா என்று எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் வாதிட்டான். அவன் கேள்வியில் நியாயம் உண்டு. இன்று இத்தொழிலைக் கற்க ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும், சி.டி. போன்ற கருவிகளில், இந்த நோயாளிக்கு எவ்வளவு கதிர் போதும் என்று முடிவு செய்யும் பொறுப்பும் அதில் அடங்கும். ஆறு வாரம் என்பது போர் கட்டாயப்படுத்திய அளவு. அது நல்ல அளவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்பெண்களுக்கு மூளை போதாது, படிப்புப் போதாது என்று சொல்லி அம்மையார் கதவை அடைத்திருந்தால், அடைக்கப்பட்டது அவர்களுக்கு மட்டுமன்று, மேசையில் கிடந்த வீரனுக்கும்தான். என் அக்காளின் கைகள் தையல் எந்திரத்தை எவ்வளவு நுட்பமாகப் பிரித்து மாட்டும் என்பதைப் பார்த்தவன் நான். ஆகையால் இவ்வாதத்தில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நண்பன் கேளாத வேறு கேள்வி ஒன்றுதான் என்னை உறுத்துகிறது: இவர்களுடைய உடலைக் காப்பதற்கு என்ன இருந்தது? துணிக் கையுறை, சிற்சில இடங்களில் ஈயத் தடுப்பு, நேர்க் கதிரிலிருந்து விலகி நிற்கும் பழக்கம், அவ்வளவே. கதிரால் தோல் வெந்துபோவதும், கதிர் மருத்துவர் பலர் விரல்களை இழந்ததும் அக்காலத்தில் தெரியாத செய்திகள் அல்ல. இருந்தும் வரிசையில் காத்துக் கிடந்த வீரர்களைப் பார்த்தபின் தம்மைப் பற்றி நினைக்க அவர்களுக்கு நேரமில்லை. ஒளிரும் திரையில் நேராகப் பார்க்கும் முறையில், பார்ப்பவரும் கதிரின் பாதையிலேயே நின்றார். பதினெட்டு வயது நிறையாதவரைக் கதிர்வீச்சுப் பணியில் அமர்த்தக்கூடாது என்பது இன்று நம் நாட்டு விதி. அவ்விதிப்படி 1914இல் ஐரீன் அந்த வண்டியில் ஏறியே இருக்க முடியாது. அம்மையாரை நான் வணங்குகிறேன். ஆயினும் மகளை அழைத்துச் சென்ற அந்த முடிவைச் சரி என்று சொல்ல என் நா எழவில்லை. தவறு என்று சொல்லவும் எழவில்லை.

போர் 1918 நவம்பரில் முடிந்தது. போலந்து விடுதலை பெற்றது. 1919இல், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த அமெரிக்கப் படைவீரர் சிலருக்கும் அம்மையாரும் ஐரீனும் பாடம் நடத்தினர். 1921இல், கதிரியலும் போரும் என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்கா சென்று, அந்நாட்டுப் பெண்கள் திரட்டித் தந்த ஒரு கிராம் ரேடியத்தைக் குடியரசுத் தலைவர் ஹார்டிங் கையால் பெற்றார். 1929இல் அவருக்குக் கிடைத்த இரண்டாவது அமெரிக்க அன்பளிப்பை வார்சா நகருக்கென ஒதுக்கினார். 1932இல் அங்கே ரேடியம் நிலையம் திறக்கப்பட்டது. அதன் தலைவர் மருத்துவர் பிரோனியா. தங்கை அனுப்பிய காசில் படித்த அதே அக்காள்!

1934 ஜூலை 4ஆம் நாள் அம்மையார் இறந்தார். எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்ட நோய். அடக்கத்தின்போது பிரோனியாவும் அண்ணன் ஜோசப்பும் போலந்திலிருந்து கொண்டுவந்த மண்ணைக் குழியில் இட்டனர். மறு ஆண்டே ஐரீன் தம் கணவரோடு வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அவரும் 1956இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார்.

1995இல் அம்மையாரின் உடலைப் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றினர். அப்போது கதிர்க் காப்புத் துறையினர் பேழையைத் திறந்து அளந்தனர். அவர் உடலில் எஞ்சியிருந்த ரேடியம், உயிரைக் குடிக்கும் அளவுக்கு இல்லை என்று கண்டனர். அவர் நோய்க்குக் காரணம் ரேடியமாக இருப்பதைவிட, போர்க்காலத்தில் அவர் நின்று பணிபுரிந்த எக்ஸ் கதிராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கருத்து.

என் தந்தையாருக்குப் படம் எடுத்த பெண், நீலச் சட்டையின் மார்பில் விரல் நீளத்தில் ஒரு பட்டையைச் செருகியிருந்தார். அன்று அதை நான் பெயர் அட்டை என்று நினைத்துக்கொண்டேன். அவர் உடல் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளும் பட்டை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பப்படுகிறது என்று நம் துறை விரிவுரையாளர் ஒருவர் சொல்லித்தான் சென்ற மாதம் அறிந்தேன்.